சிமோனா ஹாலெப்: இரண்டு கிராண்ட்ஸ்லாம் என்று சொல்லி முடித்துவிடலாமா?

செம்மண்தரை எழுதியது:

2025 பிப்ரவரி 4 அன்று ருமேனியாவின் குளூஜ் நகரில் இத்தாலியின் லூசியா பிரான்செட்டியிடம் 6-1, 6-1 என்று தோற்றுவிட்டு, அங்கேயே மைக்கைப் பிடித்து ஓய்வை அறிவித்தார் ருமேனிய டென்னிஸ் ஆட்டக்காரர் சிமோனா ஹாலெப். வயது 33. முழங்கால் ஒத்துழைக்கவில்லை. ஒரு காலத்தில் உலகின் முதலிடத்தில் இருந்தவர், அன்றைக்குத் தரவரிசையில் 870.

அவரைப் பற்றிய பேச்சு எங்கே வந்தாலும் இரண்டு கிராண்ட்ஸ்லாம் (டென்னிஸின் நாலு பெரிய போட்டிகளில் வென்ற பட்டம்), ஒரு ஊக்கமருந்துத் தடை, அவ்வளவுதான் என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது உறுத்துகிறது. அதனால்தான் இந்த இழை.

கோப்பைகளை எண்ணுவது ஒரு கணக்கு. எவ்வளவு காலம் மேலே தாக்குப்பிடித்தார் என்பது வேறு கணக்கு. 2014 ஜனவரியில் முதல் பத்து இடங்களுக்குள் வந்தவர், 2021 ஆகஸ்ட் வரை ஒரு வாரம்கூட வெளியே போகவில்லை. தொடர்ந்து 373 வாரங்கள். அதே காலத்தில் மற்றவர்களைப் பாருங்கள். 2014-இல் விம்பிள்டன் இறுதி ஆடிய பூஷார்ட் சீக்கிரமே காணாமல் போனார். 2016-இல் இரண்டு கிராண்ட்ஸ்லாம் வென்று முதலிடம் பிடித்த கெர்பர், 2017 முடிவில் முதல் இருபதுக்கு வெளியே. யார் எப்போது ஏறுவார், எப்போது விழுவார் என்று யாருக்கும் தெரியாத அந்தக் காலத்தில் ஒருவர் மட்டும் ஏழரை ஆண்டு நகரவே இல்லை. முதலிடத்தில் மொத்தம் 64 வாரங்கள், 2017, 2018 இரண்டு ஆண்டும் ஆண்டு முடிவில் முதலிடம், 24 பட்டங்கள். செரீனாவை ஒதுக்கிவைத்துவிட்டுப் பார்த்தால், அந்தக் காலகட்டத்தின் முதன்மை ஆட்டக்காரர் ஹாலெப்தான் என்பது என் கட்சி.

மறுப்பவர்கள் வரலாம்.


சர்வ்ராஜா எழுதியது:

வந்துவிட்டேன் அண்ணே.

முதல் பத்தில் இருந்ததற்கெல்லாம் கோப்பை கொடுக்கிறார்களா? கிவிட்டோவாவுக்கு இரண்டு, அசரென்காவுக்கு இரண்டு, முகுருசாவுக்கு இரண்டு, ஹாலெப்புக்கும் இரண்டு. ஐந்து கிராண்ட்ஸ்லாம் இறுதிகளில் மூன்றில் தோல்வி. அதிலும் 2017 பாரிஸ் (பிரெஞ்ச் ஓபன்) இறுதி! 6-4, 3-0 என்று முன்னிலையில் இருந்துகொண்டு, அதற்கு முன் ஒரு டூர் பட்டம்கூட வாங்காத ஒஸ்டாபென்கோவிடம் தோற்றாரே, அதை எந்தக் கணக்கில் எழுதப்போகிறீர்கள்? பெரிய ஆட்டக்காரர்கள் அப்படிக் கோட்டைவிட மாட்டார்கள்.


பழையபந்து எழுதியது:

சண்டையைப் பிறகு போடுங்கள். ருமேனியாவின் கதை தெரியாமல் ஹாலெப்பை எடைபோட முடியாது.

நான் டென்னிஸ் செய்திகளைப் பத்திரிகையில் படித்து வளர்ந்த தலைமுறை. எங்களுக்கு ருமேனியா என்றால் இலியே நஸ்டாசே. 1972-இல் அமெரிக்க ஓபன், 1973-இல் பிரெஞ்ச் ஓபன், அதே 1973 ஆகஸ்டில் ஆண்களுக்குக் கணினித் தரவரிசை வந்தபோது அதன் முதல் நம்பர் ஒன். ஆனால் விம்பிள்டன் மட்டும் கிடைக்கவே இல்லை. 1972 இறுதியில் ஸ்டான் ஸ்மித்திடம் ஐந்து செட், 1976-இல் போர்க். அவரும் இயோன் ட்சிரியாக்கும் சேர்ந்து ருமேனியாவை 1969, 1971, 1972 மூன்று முறை ஆண்கள் அணிகளுக்கான டேவிஸ் கோப்பை இறுதிக்குக் கொண்டுபோனார்கள். மூன்றிலும் அமெரிக்காவிடம் தோல்வி. கடைசியது புக்கரெஸ்டிலேயே, அவர்களுக்குப் பிடித்த களிமண்ணிலேயே நடந்தது. இந்த ட்சிரியாக் 1964 குளிர்கால ஒலிம்பிக்கில் ஐஸ் ஹாக்கி ஆடியவர் என்பது தெரியுமா? பிற்பாடு போரிஸ் பெக்கருக்கு மேலாளர், மாட்ரிட் போட்டிக்கு முதலாளி. 2012-இல் களிமண்ணுக்கு நீலச்சாயம் பூசி நடாலிடம் திட்டு வாங்கியதும் அந்தப் போட்டிதான்.

பெண்களில் விர்ஜினியா ருசிச் 1978-இல் பிரெஞ்ச் ஓபன் வென்றார். பிறகு ஒற்றையரில் பெரிய கோப்பை எதுவும் இல்லை. 1997-இல் இரினா ஸ்பிர்லியா அமெரிக்க ஓபன் அரையிறுதி வரை வந்தார், அவ்வளவுதான். அந்த ருசிச்தான் பிற்காலத்தில் ஹாலெப்பின் மேலாளர். அதாவது நாட்டின் கடைசி சாம்பியன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, அடுத்தது எப்போது என்று நாடே கேட்டுக்கொண்டிருந்தது. சர்வ்ராஜா தம்பி, 2017 தோல்வியைப் பேசும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.


குட்டிமட்டை எழுதியது:

நான் ஹாலெப் ஆட்டத்தைக் கடைசி இரண்டு மூன்று ஆண்டுகள்தான் பார்த்திருக்கிறேன். எப்படி வந்தார், எங்கிருந்து வந்தார் என்று யாராவது சொல்லுங்களேன். சின்ன வயதில் ஏதோ அறுவை சிகிச்சை செய்துகொண்டார் என்று படித்தேன், உண்மையா?


செம்மண்தரை எழுதியது:

பிறந்தது 1991 செப்டம்பரில், கருங்கடல் ஓரத் துறைமுகமான கான்ஸ்டன்ட்சாவில். சர்வாதிகாரி சௌசெஸ்குவின் ஆட்சி விழுந்து இரண்டாண்டுகூட ஆகாத நேரம். குடும்பம் அரோமேனியன் என்கிற சிறுபான்மை இனத்தைச் சேர்ந்தது. அப்பா ஸ்டெரெ உள்ளூர் அளவில் கால்பந்து ஆடியவர், பிறகு பால்பொருள் தொழில். அண்ணன் டென்னிஸ் பழகப் போனபோது கூடவே போன நாலு வயதுக் குழந்தைதான் சிமோனா. பதினாறு வயதில் பயிற்சிக்காகத் தனியாகப் புக்கரெஸ்ட் போய்விட்டார்.

2008-இல் ஜூனியர் பிரெஞ்ச் ஓபன் பட்டம். இறுதியில் எதிராளியும் ருமேனியாக்காரர்தான், எலெனா போக்தான். ஜூனியரில் முதலிடம் வரை போனார். அப்புறம் பெரியவர்கள் ஆட்டத்துக்கு வந்ததும் அடி. 2010 பிரெஞ்ச் ஓபனில் முதல் சுற்றிலேயே ஸ்டோசரிடம் தோற்று வெளியே. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகள் தரவரிசையில் அம்பதுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகத்தான் இருந்தார்.

அறுவை சிகிச்சை உண்மை. அதைக் கோதை சொன்னால் நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன்.


கோதை எழுதியது:

சொல்கிறேன். 2009-இல், பதினேழு வயதில், மார்பக அளவைக் குறைக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். முதுகுவலி, பந்தை நோக்கி ஓடும்போது வேகக்குறைவு, இதுதான் காரணம். டென்னிஸ் ஆடாவிட்டாலும் செய்திருப்பேன் என்று அவரே வெளிப்படையாகப் பேசினார். அப்போது இணையத்தில் ஆண்கள் அடித்த கேலியை நான் மறக்கவில்லை. உடம்பைப் பற்றி அந்தப் பெண் எடுத்த முடிவை ஊரே விவாதித்தது. ஒரு பையன் தோள்பட்டையில் கத்தி வைத்துக்கொண்டால் யாராவது இப்படிப் பேசுவார்களா?

சரி, ஆட்டத்துக்கு வருகிறேன். உயரம் 1.68 மீட்டர். ஆறடிக்காரர்கள் சர்வ் போட்டே ஆட்டத்தை முடிக்கிற காலத்தில் இந்த உயரம் பெரிய குறை. இரண்டாவது சர்வ் கடைசி வரை பலவீனம்தான். அதனால் கால்களில் முதலீடு செய்தார். களிமண்ணில் பழகிய சறுக்கலைச் சிமெண்ட் தரையிலும் போடுவார். எதிராளியின் வேகத்தை வாங்கி, கோணத்தை மாற்றி, எதிர்பாராத நேரத்தில் பேக்ஹேண்டை டவுன் த லைன், அதாவது பக்கக்கோட்டை ஒட்டி நேராக, அடிப்பார். அந்த ஷாட்டுக்காகவே நான் அவர் ஆட்டம் பார்க்க ஆரம்பித்தேன்.

இதெல்லாம் கூடி வந்தது 2013-இல். அதுவரை ஒரு பட்டமும் இல்லை. அந்த ஒரே ஆண்டில் நியூரம்பெர்க், ஹெர்டோகென்போஷ், புடாபெஸ்ட், நியூ ஹேவன், மாஸ்கோ, சோஃபியா என்று ஆறு. களிமண், புல், சிமெண்ட் மூன்றிலும். வாழ்க்கையின் முதல் ஆறு பட்டங்களையும் ஒரே ஆண்டில் வென்றவர் அதற்கு முன் 1986-இல் ஸ்டெஃபி கிராஃப். இந்தப் பட்டியலை மட்டும் வைத்தே சர்வ்ராஜாவுக்குப் பதில் சொல்லிவிடலாம்.


சர்வ்ராஜா எழுதியது:

அக்கா, கால் வேகமும் பேக்ஹேண்டும் நான் மறுக்கவே இல்லை. நான் பேசுவது தலைக்குள் இருக்கிற பிரச்சினையை. 2014 சிங்கப்பூரில் நடந்த ஆண்டு இறுதிப் போட்டியின் லீக் ஆட்டத்தில் செரீனாவை 6-0, 6-2 என்று சுருட்டினார். அதே வாரம் இறுதியில் அதே செரீனாவிடம் 6-3, 6-0. 2015 அமெரிக்க ஓபன் அரையிறுதியில் பென்னெட்டாவிடம் சத்தமில்லாமல் சரணாகதி. 2017 மியாமியில் பயிற்சியாளர் டேரன் கேஹிலே வெறுத்துப்போய் விலகிவிட்டார். ஒரு பயிற்சியாளர் விட்டுவிட்டுப் போகிற அளவுக்கு மனநிலை மோசம் என்றால், அது ஆட்டக்காரரின் குறைதானே?


செம்மண்தரை எழுதியது:

குறைதான். ஆனால் அந்தக் குறையை அவர் என்ன செய்தார் என்பதில்தான் என் முழு வாதமும் இருக்கிறது.

மியாமியில் நடந்தது இது. பிரிட்டனின் கோன்டாவுக்கு எதிரான ஆட்டத்தில் பயிற்சியாளரை நடுவில் கோர்ட்டுக்குக் கூப்பிட்டுப் பேசலாம் என்கிற விதி அப்போது இருந்தது. கேஹில் வந்து ஆறுதல் சொல்ல, ஹாலெப் தன்னையே திட்டிக்கொண்டு, ஆட்டத்தைக் கைவிட்ட மாதிரி பேசினார். போட்டி முடிந்ததும் கேஹில் ஒதுங்கிவிட்டார். ஆட்டத்தில் குறையில்லை, இந்த மனப்போக்கு மாறாமல் நான் கூட இருந்து பயனில்லை என்பதுதான் அவர் வைத்த நிபந்தனை. ஹாலெப் மனநல ஆலோசகரிடம் போனார். கோர்ட்டில் முகத்தைச் சுளிப்பதைக் குறைத்தார். களிமண் பருவத்திலேயே கேஹில் திரும்பிவிட்டார்.

அப்படியே பாரிஸ். காலிறுதியில் ஸ்விட்டோலினாவிடம் 3-6, 1-5. செட்டைத் தீர்மானிக்கும் டைபிரேக்கில் ஒரு மேட்ச் பாயிண்டைக் (எதிராளி ஜெயிக்க ஒரே புள்ளி பாக்கி) காப்பாற்றி, கடைசி செட்டை 6-0 என்று எடுத்தார். பழைய ஹாலெப் 1-5-லேயே பையைக் கட்டியிருப்பார்.

அப்புறம் அந்த இறுதி. ஜெயித்தால் முதல் கிராண்ட்ஸ்லாம், கூடவே நம்பர் ஒன். 6-4, 3-0. ஒஸ்டாபென்கோ தரவரிசையில் 47, வயது இருபது முடிந்து இரண்டு நாள். அந்தப் பெண் அன்றைக்கு அடித்த வின்னர்கள் (எதிராளியால் எடுக்க முடியாத அடிகள்) 54, செய்த தவறுகளும் 54. ஹாலெப்பின் வின்னர்கள் வெறும் 8. இந்த எண்களைப் பார்த்தாலே ஆட்டம் யார் மட்டையில் இருந்தது என்று தெரியும். மூன்றாவது செட்டில் 3-1 முன்னிலை இருந்தது, உண்மை. வெளியே போக வேண்டிய ஒரு பந்து வலையில் பட்டு இந்தப் பக்கம் உள்ளே விழுந்தது, அதுவும் உண்மை. ஆனால் அதிர்ஷ்டம் என்று நான் சொல்லமாட்டேன். ஹாலெப் பின்வாங்கி ஆடினார். எதிராளி தவறு செய்வார் என்று காத்திருந்தார். நீங்கள் சொல்லும் கோட்டைவிடல் அந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது.

அந்த ஆண்டு முழுக்க அதே வேதனை. விம்பிள்டன் காலிறுதியில் கோன்டாவைத் தாண்டியிருந்தால் முதலிடம், தோற்றார். சின்சினாட்டி இறுதியை வென்றிருந்தால் முதலிடம், முகுருசாவிடம் 6-1, 6-0. கடைசியில் அக்டோபரில் பெய்ஜிங் அரையிறுதியில் ஜெயித்துத்தான் முதலிடம் வந்தது. எதிராளி யார் தெரியுமா? ஒஸ்டாபென்கோ. ருமேனியப் பெண் ஒருவர் உலகின் முதலிடத்துக்கு வந்தது அதுவே முதல்முறை.


பழையபந்து எழுதியது:

அதே 2017 ஏப்ரலில் இன்னொரு கூத்தும் நடந்தது. பிரிட்டனுக்கு எதிரான ஃபெட் கோப்பை (பெண்கள் அணிகளுக்கான போட்டி) ஆட்டம், இடம் ஹாலெப்பின் சொந்த ஊரான கான்ஸ்டன்ட்சா. ருமேனிய அணித் தலைவர் நம்ம நஸ்டாசே. செரீனாவின் பிறக்காத குழந்தையைப் பற்றி நிறவெறிப் பேச்சு, பிரிட்டன் அணிப் பெண்களிடமும் நடுவரிடமும் வசை, கோன்டா அழுதுகொண்டே கோர்ட்டை விட்டுப் போனார். நஸ்டாசேவை வெளியே அனுப்பி, பிறகு தடையும் விதித்தார்கள். வாயால் கெட்டவர் அவர், இளமையிலிருந்தே அப்படித்தான்.

இத்தனை அமளியிலும் மறுநாள் ஹாலெப் வந்து கோன்டாவை 6-1, 6-3 என்று வென்றுவிட்டுப் போனார். மனம் பலவீனமான ஆள் செய்கிற வேலையா அது?


கோதை எழுதியது:

2018 ஆஸ்திரேலிய ஓபனை யாரும் எழுதவில்லையே. தோற்ற போட்டிதான், ஆனால் என்னைக் கேட்டால் அவருடைய வாழ்க்கையின் மிகப்பெரிய போட்டி.

நம்பர் ஒன்னாக மெல்போர்ன் போனவருக்கு உடை நிறுவன ஒப்பந்தமே கிடையாது. முந்தையது முடிந்திருந்தது, புதியது வரவில்லை. சீனாவிலிருந்து இணையத்தில் தைத்து வாங்கிய எளிய சிவப்பு உடையில் ஆடினார். முதல் சுற்றிலேயே கணுக்கால் பிசகியது. மூன்றாவது சுற்றில் லாரன் டேவிஸ். 4-6, 6-4, 15-13. மூன்று மணி நாற்பத்து நாலு நிமிடம், மூன்று மேட்ச் பாயிண்டுகளைக் காப்பாற்றி. அப்போது கடைசி செட்டில் டைபிரேக் கிடையாது, இரண்டு ஆட்டம் வித்தியாசம் வரும்வரை ஓட வேண்டும். அரையிறுதியில் கெர்பர், கடைசி செட் 9-7, அங்கே இரண்டு மேட்ச் பாயிண்டுகள். இறுதியில் வோஸ்னியாக்கியிடம் 7-6, 3-6, 6-4. மெல்போர்ன் வெயிலில் இரண்டே முக்கால் மணி நேரத்துக்கு மேல். அன்றிரவு உடலில் நீர்ச்சத்து வற்றி மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

இதைப் பார்த்த பிறகும் "தலைக்குள் பிரச்சினை" என்று ஒருவர் சொன்னால் எனக்குப் பேச ஒன்றுமில்லை.


குட்டிமட்டை எழுதியது:

நம்பர் ஒன்னுக்கு ஸ்பான்சர் இல்லையா! அந்தச் சிவப்பு உடை என்ன ஆனது?


கோதை எழுதியது:

உடை என்ன ஆனதோ. ஆனால் போட்டி முடிந்த கையோடு நைக்கி ஒப்பந்தம் வந்தது. ஊரே அந்த உடையைப் பற்றிப் பேசியதுதான் அவருக்குக் கிடைத்த விளம்பரம்.


செம்மண்தரை எழுதியது:

அந்த மெல்போர்னுக்குப் பிறகு அவர் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: இனிமேல் இறுதியில் தோற்பதற்கு எனக்குப் பயமில்லை என்கிற தொனியில் பேசினார். நாலரை மாதம் கழித்து, ஜூன் 9, பாரிஸ். முதல் சுற்றில் அலிசன் ரிஸ்கியிடம் முதல் செட்டை 2-6 என்று விட்டவர், இறுதிக்கு வந்துவிட்டார். அங்கே ஸ்லோன் ஸ்டீபன்ஸிடம் முதல் செட்டை இழந்து, இரண்டாவதில் 0-2. நான் டிவியை அணைத்துவிடலாமா என்று யோசித்தேன்.

அங்கிருந்து 3-6, 6-4, 6-1. முந்தைய ஆண்டு முன்னிலையில் இருந்து தோற்ற அதே கோர்ட்டில், இந்த முறை பின்தங்கியிருந்து ஜெயித்தார். வித்தியாசம் என்னவென்றால் காத்திருக்கவில்லை. ஸ்டீபன்ஸ் மூச்சு வாங்குகிறார் என்று தெரிந்ததும் கோட்டுக்கு உள்ளே காலை வைத்து அடித்தார். ருசிச்சுக்கு நாற்பது ஆண்டு கழித்து ருமேனியாவுக்கு அந்தக் கோப்பை. புக்கரெஸ்டில் தேசிய கால்பந்து மைதானத்தில் வரவேற்பு வைத்தார்கள், அங்கே மேடையேறிய பெண் மேயருக்குக் கூட்டம் ஊளையிட்டது வேறு விஷயம்.


சர்வ்ராஜா எழுதியது:

பாரிஸ் 2018-ஐ ஒப்புக்கொள்கிறேன். நல்ல வெற்றி. ஆனால் விம்பிள்டன் 2019-ஐ எல்லோரும் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறீர்களே, அன்றைக்கு எதிரே நின்றது 37 வயது செரீனா. குழந்தை பெற்ற பிறகு அவர் ஆடிய நாலு கிராண்ட்ஸ்லாம் இறுதிகளிலும் தோற்றார். கெர்பரிடம், ஒசாகாவிடம், ஹாலெப்பிடம், ஆண்ட்ரியெஸ்குவிடம். ஒரு செட்கூட எடுக்கவில்லை. அப்படியானால் ஹாலெப் செய்தது என்ன அதிசயம்?


கோதை எழுதியது:

நீங்கள் சொன்ன நாலில் மற்ற மூன்றையும் பாருங்கள், பிறகு இதைப் பாருங்கள். 6-2, 6-2, 56 நிமிடம். ஹாலெப்பின் அன்ஃபோர்ஸ்டு எரர் (எதிராளி நெருக்காமல் தானே செய்த தவறு) மொத்தமே மூன்று. முழு ஆட்டத்துக்கும் மூன்று! முதல் நாலு கேம்களைத் தொடர்ச்சியாக எடுத்து 4-0 என்று ஆரம்பித்தார். செரீனாவின் சர்வுக்கு முன்னால் தடுமாறாமல், எந்தப் பந்தையும் திருப்பி ஆழமாகப் போட்டார். செரீனா வின்னர் என்று நினைத்து அடித்த பந்து இரண்டு முறை, மூன்று முறை திரும்பி வந்தது. அதற்கு முன் இருவரும் மோதியதில் 9-1 என்று செரீனா பக்கம். ஜெயித்த அந்த ஒன்று நீங்களே சொன்ன சிங்கப்பூர்தான்.

அதுவும் புல்தரையில். களிமண்காரி என்று முத்திரை குத்தப்பட்டவர். சின்ன வயதில், பத்துப் பன்னிரண்டு வயதில், டென்னிஸில் ஏதாவது சாதிக்க வேண்டுமென்றால் விம்பிள்டன் இறுதியில் ஆடு என்று அம்மா சொன்னாராம். அந்த அம்மா அன்றைக்கு அங்கே இருந்தார். கேஹில் குடும்பத்துக்காக அந்த ஆண்டு ஓய்வில் இருந்ததால், பக்கத்தில் இருந்தது ருமேனியப் பயிற்சியாளர் டானியல் டோப்ரே. பழையபந்து ஐயா சொன்ன நஸ்டாசே இரண்டு முறை நெருங்கியும் தொடாத கோப்பை அது.


பழையபந்து எழுதியது:

அந்த ஒரு வரிக்காகவே இந்தப் பதிவுக்கு என் ஓட்டு.


சர்வ்ராஜா எழுதியது:

சரி, இப்போது யாரும் தொடாத விஷயத்துக்கு வருகிறேன். 2022 அமெரிக்க ஓபனில் ஊக்கமருந்துச் சோதனைக்குக் கொடுத்த மாதிரியில் ரோக்ஸாடுஸ்டாட். மூக்குச் சளிக்குச் சாப்பிடும் மாத்திரை இல்லை இது. ரத்தத்தின் திறனைக் கூட்டுகிற மருந்து. முதல் தீர்ப்பாயம் நாலு ஆண்டு தடை கொடுத்தது. அதை மறந்துவிட்டு மகாத்மியம் பாடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மாட்டிக்கொண்டவர் மாட்டிக்கொண்டவர்தான்.


ஆய்வகத்தான் எழுதியது:

ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்பவன் என்பதால் குறுக்கிடுகிறேன். வழக்கமாக வாசிப்பதோடு சரி.

ரோக்ஸாடுஸ்டாட் என்பது சிறுநீரகக் கோளாறால் ரத்தசோகை வந்தவர்களுக்குக் கொடுக்கிற மாத்திரை. ஆக்சிஜன் குறைந்துவிட்டது என்று உடம்பை நம்பவைக்கும். உடம்பு உடனே எரித்ரோபொய்ட்டின் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரந்து, சிவப்பணுக்களைப் பெருக்கும். நெடுநேரம் ஓடும் விளையாட்டுகளில் இதனால் லாபம் உண்டு, அதனால் எல்லாக் காலத்திலும் தடை. இதுவரை சர்வ்ராஜா சொன்னது சரி.

வழக்கில் இருந்தது இரண்டு குற்றச்சாட்டுகள். ஒன்று, மாதிரியில் கிடைத்த மருந்து. இரண்டு, ரத்தக் கடவுச்சீட்டு எனப்படும் நீண்டகாலப் பதிவில் மாறுபாடு. ஒரே ஆளின் ரத்த அளவுகளைப் பல ஆண்டுகள் குறித்துவைத்து, இயல்புக்கு மாறாக ஏதாவது தெரிந்தால் நிபுணர்கள் கருத்துச் சொல்வார்கள். 2023 செப்டம்பரில் தீர்ப்பாயம் இரண்டிலும் குற்றம் என்றது. கவனியுங்கள்: ஹாலெப் சாப்பிட்ட ஊட்டச்சத்துப் பொடியில் கலப்படம் இருந்தது என்பதை அந்தத் தீர்ப்பாயமே ஏற்றது. ஆனால் அந்தக் கலப்படத்தின் அளவு, மாதிரியில் கிடைத்த அளவுக்குப் போதாது என்றது.

லோசானில் உள்ள விளையாட்டு நடுவர் நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் மூன்று நாள் விசாரித்து, மார்ச் 5-இல் தீர்ப்புச் சொன்னது. கலப்படப் பொடிதான் காரணமாக இருக்க அதிக வாய்ப்பு, வேண்டுமென்றே செய்யவில்லை. ரத்தக் கடவுச்சீட்டுக் குற்றச்சாட்டு தள்ளுபடி. பொடியைச் சரிபார்க்காத கவனக்குறைவுக்கு ஒன்பது மாதம் மட்டும். அந்த ஒன்பது மாதம் 2023 ஜூலையிலேயே முடிந்துவிட்டது. ஆனால் அவர் உட்கார்ந்திருந்ததோ 2022 அக்டோபர் முதல் பதினேழு மாதம்.


சர்வ்ராஜா எழுதியது:

விளக்கத்துக்கு நன்றி. ஆனாலும் ஒன்பது மாதம் என்றால் பூஜ்யம் இல்லையே. அந்த அளவுக்கு உயரத்தில் இருக்கிற ஆட்டக்காரர் தன் வாய்க்குள் போவதற்குத் தானே பொறுப்பு. புதுப் பயிற்சியாளர் குழு ஒன்றை நீட்டியது, இவர் குடித்தார் என்றால் எப்படி? இந்தப் பொறுப்பு விதி எல்லோருக்கும் தெரிந்ததுதான்.


குட்டிமட்டை எழுதியது:

அதையேதான் அந்தப் பயிற்சியாளர் மொராடொக்லுவும் காணொளியில் சொன்னார், இல்லையா? என் குழுவால் நடந்தது, அதனால் எனக்குப் பொறுப்பு உண்டு என்று. பிறகு ஏன் மொத்தப் பழியும் அந்தப் பெண் மேல்?

சர்வ்ராஜாவுக்கு எப்போதும் பெண்கள் ஆட்டமென்றால் இளக்காரம்.


நெறியாளர் எழுதியது:

கருத்தோடு மோதுங்கள், கருத்துச் சொல்பவரோடு வேண்டாம். கடைசி வரி மாதிரி இன்னொன்று வந்தால் நீக்கப்படும்.


செம்மண்தரை எழுதியது:

பொறுப்பு விதியில் நான் சர்வ்ராஜா பக்கம்தான். கவனக்குறைவுக்குத் தண்டனை இருக்கட்டும். எனக்குக் கோபம் நடைமுறை மேல்.

2024-இல் ஸ்வியாடெக் மாதிரியில் டிரைமெடசிடின் கிடைத்தது. தூக்கத்துக்கான மெலடோனின் மாத்திரையில் கலந்திருந்தது என்று நிரூபித்து ஒரு மாதத் தடையோடு வெளியே வந்தார். ஆண்கள் ஆட்டத்தில் இத்தாலியின் சின்னருக்குக் குளோஸ்டெபால், முதலில் தடையே இல்லை, மேல்முறையீட்டுக்குப் பிறகு 2025-இல் மூன்று மாதம். இரண்டு பேர் விஷயமும் தீர்வை நெருங்கும் வரை வெளியே கசியவில்லை. வழக்குகள் ஒன்று போல இன்னொன்று இல்லை, அதுவும் தெரியும். ஸ்வியாடெக்குடையது முறைப்படுத்தப்பட்ட மருந்து, கையிருப்பில் இருந்த பெட்டியையே சோதிக்க முடிந்தது. ஹாலெப்புக்கு ரத்தக் கடவுச்சீட்டு வழக்கும் சேர்ந்துகொண்டது. ஆனாலும் ஒருவருக்கு விரைவாக நடந்த விசாரணை இன்னொருவருக்கு ஒன்றரை ஆண்டு இழுத்தால், அந்த இழுப்பே தண்டனை. ஸ்வியாடெக் செய்தி வந்த அன்று ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று ஹாலெப்பே பகிரங்கமாகக் கேட்டார்.

31 வயதில் உட்காரவைத்தார்கள். அதற்கு முந்தைய மாதங்களை நினைத்துப் பாருங்கள். 2021-இல் கெண்டைக்காலில் காயம், பிரெஞ்ச் ஓபன், விம்பிள்டன், ஒலிம்பிக் மூன்றும் போச்சு. 2022-இல் திரும்பி வந்து விம்பிள்டன் அரையிறுதி, ஆகஸ்டில் டொரொன்டோ பட்டம். அதுதான் 24-ஆவது, கடைசி. அதாவது தடை விழுந்தபோது அவர் ஏறிக்கொண்டிருந்தார். 2024 மார்ச்சில் மியாமியில் வைல்ட் கார்டில் (போட்டி நடத்துபவர்களின் சிறப்பு அனுமதியில்) வந்து படோசாவிடம் முதல் செட்டை 6-1 என்று எடுத்தார், அப்புறம் உடம்பு தாங்கவில்லை. கால்களை நம்பி ஆடியவர் அவர். கால்களை நம்பும் ஆட்டம் 32 வயதில் ஒன்றரை ஆண்டு இடைவெளியைத் தாங்காது.


சர்வ்ராஜா எழுதியது:

கடைசி இரண்டு வாக்கியத்தில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் "காலகட்டத்தின் முதன்மை ஆட்டக்காரர்" என்கிற உங்கள் முதல் பதிவின் முடிவை நான் வாங்கமாட்டேன். ஒசாகா அதே காலத்தில் நாலு கிராண்ட்ஸ்லாம் வென்றார்.


செம்மண்தரை எழுதியது:

நாலும் சிமெண்ட் தரையில். களிமண்ணிலும் புல்லிலும் ஒசாகா பாதி தூரம்கூடப் போனதில்லை. பாரிஸையும் விம்பிள்டனையும் ஒரே ஆள் வெல்வது எவ்வளவு கடினம் என்று தெரிந்தவருக்கு விளக்கத் தேவையில்லை.


குட்டிமட்டை எழுதியது:

இதைத் தனி இழையாகவே தொடங்கலாம். அதற்கு முன், எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. ஹாலெப்பின் ஒரே ஒரு ஆட்டம் முழுதாகப் பார்க்க வேண்டுமென்றால் எது?


செம்மண்தரை எழுதியது:

2018 மெல்போர்ன், கெர்பருடன் அரையிறுதி. இரண்டு பேரும் பந்தை விடாதவர்கள், இரண்டு பேரும் கோணத்தில் அடிப்பவர்கள். கடைசி செட்டில் இரண்டு பக்கமும் மேட்ச் பாயிண்ட் வந்து போகும்.


கோதை எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை முழுக்க எதற்கு? விம்பிள்டன் 2019 போடுங்கள் தம்பி, ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.


பழையபந்து எழுதியது:

இருவரும் தப்பு. 2014 பாரிஸ் இறுதி, ஷரபோவாவிடம் 6-4, 6-7, 6-4 என்று தோற்றது. மூன்று மணி நேரம். 22 வயதில், முதல் கிராண்ட்ஸ்லாம் இறுதியில், டைபிரேக்கில் கடைசி நாலு புள்ளிகளை எப்படி எடுக்கிறார் என்று மட்டும் பாருங்கள்.


சர்வ்ராஜா எழுதியது:

ஐயா சொன்னதுதான் என் ஓட்டும். அதிலும் ஜெயித்தது ஷரபோவா என்பதைச் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.